கூப்பிட்டால் வர வேண்டிய பதில்

அரிப்பு முதலில் மூக்கு நுனியில்தான் எடுத்தது. இனி அசையக் கூடாது என்று சொன்ன பிறகுதான் உடம்புக்கு இந்த மாதிரி வேலைகள் எல்லாம் ஞாபகம் வரும். அதுவரை மூக்கு என்று ஒன்று இருப்பதையே அங்கயற்கண்ணி மறந்திருந்தாள். முகத்துக்கு மேல் ஒரு வெள்ளைக் கூண்டை மாட்டியிருந்தார்கள். காதில் பஞ்சு, தலைக்கு இரண்டு பக்கமும் மெத்தைத் துண்டுகள். இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் வலிக்கவில்லை. யாரோ பொறுப்பாகத் தலையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது, பிடித்திருக்கிறதே என்று கொஞ்சம் எரிச்சலும் வந்தது. கண்ணுக்கு நேராக ஒரு சின்னக் கண்ணாடி. அதில் அவளுடைய பாதங்கள், பாதங்களுக்கு அப்பால் கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் பர்வீனின் பச்சை முக்காடு. பர்வீன்தான் ஸ்கேன் படம் எடுக்கிற பெண். வலது கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "முடியலைன்னா இதை அமுக்குங்க, உடனே வெளிய எடுத்துருவேன். ஆனா பாதியில வந்தா திரும்ப முதல்லருந்து ஆரம்பிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலிலிருந்து என்ற சொல் மனதில் மாட்டிக்கொண்டது. எதை முதலிலிருந்து ஆரம்பித்தாலும் அவளுக்கு நன்றாகத்தான் இருக்கும். புது வேலை, புதுச் சிநேகிதி, புது நோட்டு, எல்லாமே முதல் பத்து நாள் தேன். பதினோராம் நாள் எங்கிருந்தோ ஒரு புளிப்பு வந்துவிடும். இப்போது மூக்கில் இல்லை, புருவத்துக்கு இடம் மாறியிருந்தது அரிப்பு. விட்டுவிட்டால் அதுவாகப் போய்விடும் என்று மனநல டாக்டர் வசுமதி சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது அரிப்பைப் பற்றி இல்லை, வேறு ஒன்றைப் பற்றி. அலை மாதிரி ஏறும், உச்சிக்கு வரும், இறங்கும், இறங்கும் வரைக்கும் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள் என்பார். அரிப்புக்கும் அது பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

சத்தம் ஆரம்பித்தது. முதலில் டக், டக், டக் என்று யாரோ அடுத்த வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பது போல. பிறகு தெருவில் சிமென்ட் ரோட்டை உடைக்கிற மிஷின். நடுநடுவே ஒரு நீளமான இரைச்சல், டிரான்ஸ்பார்மருக்குக் கீழே நின்றால் கேட்குமே, அந்த இரைச்சல்தான், கொஞ்சம் தடிமனாக. டிரான்ஸ்பார்மர் இரைச்சல் அவளுக்குப் புதிதில்லை. அப்பா சோலைமலை மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்து, புதூரில் ஃபியூஸ் போன தெருவுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆகியும் சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் அவர் வாசல் தாண்டுவதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மஞ்சள் கைப்பிடி எட்டிப் பார்க்கும். இன்றைக்கு அந்த டெஸ்டரால்தான் பர்வீனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். உலோகம் எதுவும் உள்ளே வரக் கூடாது என்று தோடு, சங்கிலி, கிளிப், ஊக்கு எல்லாம் கழற்றியாகிவிட்டது; கொலுசு மட்டும் வரவில்லை. அம்மா இருந்தபோது போட்டுவிட்ட கொலுசு, அம்மா போய் நான்கு வருஷமாகத் திருகு இறுகிப் போய்க் கிடந்தது. அப்பா வராந்தாவில், அத்தனை பேர் பார்க்க, ஒரு முட்டியை மடித்துக் கீழே உட்கார்ந்தார். அவள் காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். டெஸ்டர் நுனியைத் திருகில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "வலிச்சா சொல்லு" என்றார். வலிக்கவில்லை. அவருடைய உச்சந்தலையில் முடி கொட்டி வெயில் பட்ட இடம் தெரிந்தது. இந்த மனுஷன் இப்படிக் குனிய நான் என்ன செய்துவிட்டேன் என்று ஒரு நினைப்பும், இவர் இப்படியே குனிந்திருந்தால் தேவலை என்று ஒரு நினைப்பும் ஒரே நேரத்தில் வந்தன. கொலுசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அவர் கதவு வரை பின்னாலேயே வந்துவிட்டார். பர்வீன் பையைப் பார்த்தாள். "ஐயா, அந்த ஸ்க்ரூ டிரைவரோட இதுக்கு மேல ஒரு அடி வச்சீங்கன்னா அது உங்களை விட்டுட்டு உள்ள இருக்கிற காந்தத்துக்குப் பறந்துரும்" என்றாள். அப்பா பையைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். சிரிப்பு வந்தது அவளுக்கு, இப்போதும் வந்தது, வயிறு குலுங்கினால் தலை அசையுமோ என்று அடக்கிக்கொண்டாள்.

கண்ணாடியில் வெறும் கால். கொலுசு இருந்த இடத்தில் வெளுத்த ஒரு வளையம். அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது, வராமல் இருக்குமா, வராமல் இருக்கட்டும் என்று நினைப்பதுதான் முதலில் வரும். அன்னைக்கு. வீட்டில் அதற்கு அதுதான் பெயர். போன தை மாசத்தில் நடந்த ஒன்றுக்குப் பெயர் வைக்க யாருக்கும் தைரியம் இல்லாததால், அன்னைக்கு என்று சொன்னால் போதும், மூன்று தெரு தள்ளி இருக்கிற சித்தி வரைக்கும் புரிந்துவிடும். அன்னைக்கு அப்பா கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு கேட்டது ஒரே ஒரு கேள்வி. "உனக்கு என்ன குறை வச்சேன், பாப்பா?" அதட்டிக் கேட்கவில்லை. அதட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பாள், கத்துவது அவளுக்குக் கைவந்த கலை. கடையில் சாமான் விலை கேட்கிற மாதிரி, தெரியாததால் கேட்கிற மாதிரி கேட்டார். என்ன குறை வச்சேன். பஸ்ஸில் போகும்போது கேட்கும். பல் தேய்க்கும்போது கேட்கும். ஒரு குறையும் வைக்கவில்லையே, அதுதானே கொடுமை, குறை வைத்திருந்தால் இதோ இது என்று காட்டியிருக்கலாமே. பார்டர்லைன் பெர்சனாலிட்டி என்று டாக்டர் பெயர் சொன்னபோது அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு, "பார்டர்னா, பாஸா ஃபெயிலா மேடம்?" என்று கேட்டார். டாக்டர் சிரிக்காமல் விளக்கினார். கோபமோ பாசமோ பயமோ, மற்றவர்களுக்கு ஒரு மடங்கு என்றால் இவர்களுக்குப் பல மடங்கு, யாராவது விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் தோலுக்கு அடியிலேயே இருக்கும், அது தாங்க முடியாமல் போகும்போது தன் உயிர்மேலேயே கை வைக்கத் தோன்றும், ஆனால் இதற்குச் சிகிச்சை இருக்கிறது, பலரும் தேறியிருக்கிறார்கள். அப்பா தலையாட்டினார். பஸ்ஸில் ஏறியதும், "கோவம் ஜாஸ்தி உனக்கு, அவ்வளவுதான். உங்க அம்மா வழி" என்று முடித்துவிட்டார். அம்மாவுக்குக் கோபமே வராது.

அதனால்தான் இந்தப் படம் வேண்டியிருந்தது. ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறோம், விருப்பமிருந்தால் வா, இல்லையென்றால் ஒன்றும் குறையாது என்று டாக்டர் வசுமதி சொன்ன உடனே சரி என்றாள். டாக்டர் மேஜையில் பிளாஸ்டிக் மூளை ஒன்று இருந்தது, பிரித்துப் பிரித்து மாட்டலாம். உள்ளே கையை விட்டுப் பாதாம் பருப்பு அளவுக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். அமிக்டலாவாம். பயத்துக்கும் ஆத்திரத்துக்கும் மணி அடிக்கிற இடம். பிறகு கண்ணுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் ஒரு பகுதி. மணி அடித்ததும் எழுந்து ஓடாதே, பொறு என்று சொல்கிற இடம். உயிரை விடத் துணிந்தவர்களுக்கும், அதே கோளாறு இருந்தும் துணியாதவர்களுக்கும் இந்த இடங்களில் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி. "சின்னதா இருக்கா, மேடம்? எங்களுக்கு?" என்று கேட்டாள். எங்களுக்கு என்று சொன்னபோது முகம் தெரியாத ஒரு கூட்டமே அவள் பின்னால் வந்து நின்றது. டாக்டர் பருப்பைத் திரும்ப உள்ளே வைத்து மூடினார். "சில ஆராய்ச்சியில சின்னதா வந்துருக்கு. சிலதுல ஒரு வித்தியாசமும் வரலை. அப்படியே வந்தாலும் அது நிறைய பேரைச் சேர்த்துப் பார்த்தாத் தெரியற சராசரிதான். உன் ஒருத்தி படத்தை வச்சு இங்க பாரு ஓட்டைன்னு யாராலயும் காட்ட முடியாது. அதை எதிர்பார்த்து வராத, அங்கயற்கண்ணி." எதிர்பார்க்கவில்லை மேடம் என்றாள். பொய். அப்பா கையில் அந்தப் படத்தைக் கொடுத்து, இதோ பாருங்க, நீங்க ஒரு குறையும் வைக்கலை, குறை இங்க இருக்கு என்று, தச்சன் மரத்தில் முடிச்சைக் காட்டுகிற மாதிரி காட்ட வேண்டும் என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். வயரிங் கோளாறு என்றால் அவருக்குப் புரியும். எந்த வீட்டிலும், வயரிங் கோளாறுக்காக யாரையும் அவர் திட்டி அவள் பார்த்ததில்லை.

மிஷின் நின்றது. நின்ற அமைதியில் காது தானாக இரைந்தது. திரும்ப ஆரம்பித்தது, இந்தத் தடவை வேறு தாளம், படுக்கையே மெல்ல அதிர்ந்தது. தலைப் படம் என்றால் அவளுக்கும் தெரியும், அதுதானே பிழைப்பு. செல்லூரில் சேவியர் அண்ணன் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோவைச் சரி செய்கிற வேலை. பரு எடுப்பாள், கண்ணுக்குக் கீழே கறுப்பை வெளுப்பாள், சட்டை இல்லாத தாத்தாவுக்குக் கோட்டு மாட்டுவாள். சாய்ந்த தலையை நிமிர்த்திவிட்டால் பாதிப் பேர், இது என் மூஞ்சியா என்று சந்தோஷப்படுவார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். எட்டு மாசமாக ஒரே வேலையில் இருப்பது இதுதான் முதல் தடவை. சேவியர் அண்ணன் ஒரு நாள் முகம் கொடுக்காமல் பேசினார் என்று அன்று மதியமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அவருக்குப் பல்வலி என்று பிறகு தெரிந்து, மறுநாள் திரும்பிப் போனாள். இப்படித்தான். யாராவது ஒரு நிமிஷம் திரும்பிக்கொண்டால், திரும்பியது பல்வலியால் என்று மனசு நினைக்காது; போய்விட்டார்கள், இனி வர மாட்டார்கள், வராமல் போக நான்தான் காரணம், எல்லாம் ஒரு மூச்சில் நடந்து முடிந்துவிடும். அவள் காதலித்த தீபன் அப்படித்தான் போனான், இல்லை, தீபன் நிஜமாகவே போனான், அது வேறு கணக்கு. போகாதே என்று அழுது, போய்த் தொலை என்று கத்தி, கத்திய வாய் மூடுமுன் போகாதே என்று மறுபடி அழுது, எந்தப் பையனுக்குத்தான் தலை சுற்றாது. அவனைக் கும்பிட்டுக்கொண்டிருந்த வாரமும் உண்டு, அவன் பேரைக் கேட்டாலே உடம்பு எரிந்த வாரமும் உண்டு, இரண்டுமே பொய் இல்லை. அதுதான் யாருக்கும் புரிவதில்லை. நடிக்கிறாள் என்பார்கள். இப்போது அவளை வெட்டி வெட்டிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிற இந்த மிஷினுக்கு நடிப்பென்ன, நிஜமென்ன, ஒன்றும் தெரியாது. அதனால் இதன்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஆனால் மிஷினிடம் பொய் சொல்ல முடியாது என்று நினைத்த உடனே, காலையில் மனுஷியிடம் சொன்ன பொய் எழுந்து உட்கார்ந்துகொண்டது. படம் எடுக்கு முன்பு டாக்டர் வசுமதி கதவைச் சாத்திவிட்டு, நேராகப் பார்த்து, "இந்த மாசம் திரும்பச் சாகணும்ங்கிற எண்ணம் வந்துச்சா?" என்று கேட்டார். அந்த எண்ணம் என்று அவர் பூசி மெழுகமாட்டார், சாக வேண்டும் என்ற எண்ணம் என்று பெயரோடுதான் கேட்டார். "இல்லை, மேடம்." சட்டென்று வந்தது பதில், வழுக்கிக்கொண்டு வந்தது. ஆமாம் என்றால் படம் வேண்டாம், முதலில் வார்டில் சேர் என்று சொல்லிவிடுவாரோ, அப்பா மறுபடி கட்டில் ஓரத்தில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்பாரோ, அந்தப் பயம். வந்தது. போன செவ்வாய்க்கிழமை வந்தது. வருவதற்குக் காரணம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. சாயங்காலம், ஸ்டூடியோவிலிருந்து வந்து, முகம் கழுவக் குளியலறைக்குப் போனாள், குழாயைத் திறந்துவிட்டாள், தண்ணீர் வாளியில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது, அழுகை இல்லாமல், சளி பிடிக்கப் போவது தெரிவது போல, அது வருவது தெரிந்தது. வாளி நிறைந்து வழிந்தது. அப்போதுதான் வெளியே அப்பா கூப்பிட்டார். "பாப்பா." அன்னைக்குப் பிறகு ஏற்பட்ட வழக்கம் அது. குளியலறையோ, அறையோ, அவள் கதவைச் சாத்தினால் அவர் வாசலிலிருந்தோ அடுப்படியிலிருந்தோ ஒரு தடவை கூப்பிடுவார். அவள் ம் என்பாள். அவர் போய்விடுவார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை கூட அதிகம் இல்லை. ஆரம்பத்தில் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும், ஜெயிலில் ஆள் எண்ணுகிற மாதிரி. செவ்வாய்க்கிழமை அவள் உடனே சொல்லவில்லை. வேண்டுமென்றா, முடியாமலா, இப்போது கேட்டாலும் தெரியாது. வாளி வழிந்துகொண்டே இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய செருப்பு நகராமல் நிற்பது கீழ் இடுக்கில் தெரிந்தது. இரண்டாம் தடவை அவர் கூப்பிடவில்லை. பிறகு அவள், "ம்" என்றாள். செருப்பு இன்னும் கொஞ்ச நேரம் நின்றது, போனது. அவள் குழாயை மூடினாள், எழுந்தாள், வெளியே வந்து தோசை சாப்பிட்டாள். அலை இறங்கியிருந்தது. ஆனால் யாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லையே.

ஏன் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை என்ற இடத்தில் மனசு சிக்கிக்கொண்டது. நூல் சிக்கினால் இழுக்கக் கூடாது, இழுத்தால் இறுகும், இருந்தும் இழுத்தாள். சலித்துப் போயிருக்கும். இவளுக்கு எத்தனை தடவைதான் என்று தோன்றியிருக்கும். ஒரு நாள் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டால். சட்டென்று கூண்டு முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, மூச்சுக் காற்று அதில் பட்டுத் திரும்பி உதட்டில் சுட்டது, இடி இடியென்று இடித்த சத்தம் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை, விரல்கள் பந்தை இறுக்கின, இன்னும் கொஞ்சம் இறுக்கினால் மணி அடித்துவிடும். பாதாம் பருப்பு வேலை செய்கிறது என்று நினைத்தாள். இந்த நிமிஷத்தில் அது உள்ளே கிடந்து துடிப்பது படத்தில் விழுமா. அந்த நினைப்பு வேடிக்கையாக இருந்ததால் ஒரு மூச்சு முழுசாக வந்தது. கண்ணாடியில் கால் கட்டை விரலைப் பார்த்தாள். வெளுத்த வளையத்தைப் பார்த்தாள். ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. ஏறியது, நின்றது. சத்தம் ஓய்ந்ததும் தலைக்கு மேலிருந்து பர்வீனின் குரல் வந்தது. "அம்மா, நல்லா இருக்கீங்களா?" அவள், "ம்" என்றாள். "கேக்கலைம்மா." "ம்." "வாயைத் திறந்து சொல்லுங்கம்மா. நீங்க ம்னு சொல்றதும் மிஷின் இரையறதும் எனக்கு இங்க ஒண்ணாத்தான் கேக்குது. தலை மட்டும் அசையாமச் சொல்லுங்க." அவள் உதடு மட்டும் பிரித்து, "இருக்கேன்" என்றாள். "சரி, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்" என்றது குரல்.

வாயைத் திறந்து சொல்லுங்க. இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தேடிக்கொண்டிருந்தபோதே கடைசிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது, நல்லவேளை, இது மெதுவான ரகம். அப்பாதான். சைக்கிளை டிரான்ஸ்பார்மரடியில் நிறுத்திவிட்டு, ஃபியூஸைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, ஆட்களைக் கம்பத்தில் ஏற்றுவார். வேலை முடிந்ததும் உடனே மின்சாரம் கொடுக்கமாட்டார். ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். முழுப் பேர். அவனவன் தன் வாயால், இறங்கிட்டேன் அண்ணே என்று சொல்ல வேண்டும். கூட இருக்கிறவன், அவன் இறங்கிட்டான் அண்ணே என்று சொன்னால் எடுத்துக்கொள்ளமாட்டார். ஒரு தடவை தெருவே வெளியில் வந்து நின்று, வேர்க்கிறதய்யா, சீக்கிரம் என்று சத்தம் போட்டது. கடைசி ஆள் எங்கிருந்தோ ம் என்றான், பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். அப்பா ஃபியூஸைத் தொடவில்லை. "ம்முன்னா எனக்கு என்னடா தெரியும், நீ கம்பத்துல இருக்கியா தரையில இருக்கியான்னு? வாயால சொல்லு" என்றார். சைக்கிள் கம்பியில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு அப்பாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அந்த அப்பா. அவளிடம் மட்டும் ஏன் ம் என்பதை வாங்கிக்கொண்டு போகிறார்? அதை அவள் இதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. கண்ணின் ஓரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுப் பஞ்சுக்குள் போனது. துடைக்க முடியாது, அசையக் கூடாது. துடைக்காமல் விட்டதில் அது பாட்டுக்கு இறங்கி, அது பாட்டுக்கு நின்றது.

படுக்கை வெளியே நழுவி வந்தது. பர்வீன் கூண்டைக் கழற்றி, காதுப் பஞ்சை எடுத்து, அது ஈரமாக இருந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி குப்பையில் போட்டாள். "அசையவே இல்லை நீங்க. படம் பளிச்சுன்னு வந்துருக்கு" என்றாள். "அதுல ஏதாவது தெரியுதா?" "நான் எடுக்கிறதோட சரிம்மா. பார்த்துச் சொல்றது அவங்க வேலை." வெளியே வரும் வழியில் கதவு திறந்திருந்தது, கம்ப்யூட்டர் திரையில் அவளுடைய தலை. பக்கவாட்டில், சாம்பல் நிறத்தில், குறுக்கே வெட்டிய முட்டைக்கோஸ் மாதிரி மடிப்பு மடிப்பாக. மூக்கு அவளுடையதுதான், நுனி கொஞ்சம் தூக்கலாக. பழக்க தோஷம், எங்கே சரி செய்யலாம் என்று கண் தேடியது. சரி செய்கிற மாதிரி ஒன்றும் தெரியவில்லை. ஓட்டை இல்லை, கறை இல்லை, அறுந்த கம்பி இல்லை. யாருடைய தலையாக வேண்டுமானாலும் இருக்கலாம். டாக்டர் சொன்னது சரிதான். அப்பாவிடம் காட்ட இதில் ஒன்றும் கிடையாது. அவள் நடந்து துணி மாற்றுகிற அறைக்குப் போனாள்.

சின்ன அறை. ஒரு ஸ்டூல், சுவரில் கொக்கி, அவளுடைய சுடிதார். தாழ்ப்பாளைப் போட்டாள். ஆஸ்பத்திரி அங்கியைக் கழற்றி, தன் துணியை மாட்டிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தாள். எழ மனசு வரவில்லை. வெளியே செருப்புச் சத்தம் வந்தது, கதவுக்கு நேராக நின்றது. கைக்குட்டைக்குள் கொலுசு லேசாகச் சிணுங்கியது. "பாப்பா" என்றார் அப்பா. ம் என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, அதற்கு வழி தெரியும், எத்தனை நாள் பழக்கம். அவள் அதை விழுங்கினாள். "அப்பா, உள்ளதான் இருக்கேன்" என்றாள். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. "படத்துல ஒண்ணும் தெரியாதாம்ப்பா. ஒரு ஆளோட படத்துல தெரியாதாம்." "சரி, அதனால என்ன" என்றார் அவர். "அப்பா, செவ்வாய்க்கிழமை திரும்ப வந்துச்சு. குளிக்கிற ரூம்ல. செத்துரணும் போல. நான் ஒண்ணும் செஞ்சுக்கலை. அது அப்பறம் போயிருச்சு. டாக்டர் கேட்டாங்க, இல்லைன்னு பொய் சொல்லிட்டேன்." சொல்லி முடித்தாள். கதவின் கீழ் இடுக்கில் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பார். என்ன குறை வச்சேன் என்று கேட்பார். செருப்பு நகரவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது.

"எனக்குத் தெரியும், பாப்பா" என்றார். "செவ்வாய்க்கிழமை நீ ம்முன்னது தரையில இருக்கிறவ சத்தமா இல்லை. வேலையில ஒருத்தன் ம்முன்னு சொல்லி நான் கரண்டு குடுத்ததே இல்லை. வீட்ல வாங்கிக்கிட்டுப் போயிட்டேன். இன்னொரு தடவை கூப்பிடப் பயமா இருந்துச்சு. நீ என்ன சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சு." பயம் என்ற சொல்லை அவர் வாயால் அவள் கேட்டதே இல்லை. கம்பத்தின் உச்சியில் மழையில் நின்றவர். அவள் கதவின்மேல் உள்ளங்கையை வைத்தாள், பலகை குளிர்ச்சியாக இருந்தது. "டாக்டரம்மா இன்னும் கிளம்பலை, ரூம்ல லைட் எரியுது" என்றார் அவர். "ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லிட்டு வருவோம். வார்டுல இருக்கச் சொன்னா இருப்போம். நானும் இருப்பேன்." "கொலுசு?" "அதை அப்புறம் மாட்டிக்கலாம்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்பத்தடியில் நின்று ஆட்களைக் கூப்பிடுவாரே, அந்தக் குரலில், வராந்தா முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"அங்கயற்கண்ணி."

"இருக்கேன்ப்பா" என்று சொல்லிவிட்டு, தாழ்ப்பாளைத் திறந்தாள்.